2 வயது 4 மாதம், இன்னும் பேச்சு வரல. தெரபி போகணுமா, காத்திருக்கலாமா?

#1 திண்டுக்கல்_மலர்

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்பதான் முதல் தடவை எழுதுறேன். மகனுக்கு 2 வயசு 4 மாசம். "ம்மா", "தா", காக்காவைப் பாத்தா "கா". இவ்வளவுதான் வருது. எதாவது வேணும்னா என் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஃப்ரிட்ஜ் கதவு மேல என் கையை வைப்பான். விரல் நீட்டிக் காட்டுறது கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டா எப்பவாவது திரும்புவான். ஆனா பக்கத்து ரூம்ல பிஸ்கட் பாக்கெட் பிரிச்சா ஓடி வந்துடுவான். நடக்குறது, ஓடுறது, படி ஏறுறது எல்லாம் சரியான வயசுல வந்துச்சு.

டாக்டர் 3 வயசு வரைக்கும் பாக்கலாம்ங்கிறார். மாமியார் "இவங்கப்பனும் மூணு வயசுலதான் வாயத் திறந்தான்"னு சொல்லிட்டு தினமும் நாக்குல வசம்பு தடவுறாங்க. பக்கத்து வீட்டக்கா போனைப் பிடுங்கிப் போடு, தானா பேசுவான்ங்கிறாங்க. போன வாரம் ஒரு தனியார் சென்டருக்குப் போனோம். கொஞ்ச நேரம் பாத்துட்டு ஆட்டிசம்னு சொல்லி, ஆறு மாசப் பணத்தை மொத்தமா கட்டினா தள்ளுபடி உண்டுன்னாங்க. வீட்டுக்காரர் அதுல இருந்து சரியா சாப்பிடுறதே இல்ல. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க, ப்ளீஸ்.

#2 கரூர்_செந்தில்

ஆம்பளப் பிள்ளைங்க லேட்டாத்தான் பேசும் சிஸ்டர். எங்க அண்ணன் பையன் மூணேகால் வயசு வரைக்கும் ஒண்ணும் பேசல, இப்ப வாயை மூட வைக்க முடியல. ஸ்கூல்ல சேர்த்தா தானா வந்துடும். டென்ஷன் ஆகாதீங்க.

#3 நிலாச்சோறு

செந்தில் அண்ணா, உங்க அண்ணன் பையனுக்கு வந்துச்சு, சந்தோஷம். வராத பிள்ளைங்களைப் பெத்தவங்க கல்யாண வீட்ல உக்காந்து அந்தக் கதையைச் சொல்றதில்ல. அதனால வந்த கதை மட்டும்தான் நம்ம காதுக்கு வருது.

மலர், மத்த எல்லாத்துக்கும் முன்னாடி காது டெஸ்ட். பாக்கெட் சத்தத்துக்கு ஓடி வர்றான்னா காது முழுசா கேக்குதுன்னு அர்த்தம் இல்ல. என் பொண்ணு குக்கர் விசிலுக்குத் திரும்புவா, கதவு தட்டினா திரும்புவா. டெஸ்ட்ல பாத்தா தாழ்ந்த சுருதி சத்தம் நல்லா கேக்குது, உயர்ந்த சுருதி போகப் போகக் கேக்கல. அதாவது "அ", "ஆ", "ம" காதுல விழும், "ஸ்", "ச்", "த்" விழாது. பேச்சு அவளுக்குப் பாதி அழிஞ்ச எழுத்து மாதிரி போய்ச் சேர்ந்திருக்கு. ரெண்டு காதுக்கும் மெஷின் வச்சப்புறம்தான் தெரபியே ஆரம்பிச்சோம்.

ஓஏஇ-ன்னு ஒண்ணு, சின்னதா காதுல செருகிப் பாப்பாங்க, சீக்கிரம் முடிஞ்சிடும். பேரான்னு இன்னொண்ணு. அதுக்குப் பிள்ளை தூங்கணும். காலையில சீக்கிரம் எழுப்பி விடுங்க, பஸ்ல தூங்க விடாதீங்க (இதுதான் கஷ்டம், நாங்க வழியெல்லாம் பலூன் ஊதிட்டே போனோம்). அங்க போனதும் தேவைப்பட்டா தூக்க மருந்து குடுப்பாங்க. நெத்தியிலயும் காதுக்குப் பின்னாலயும் சின்ன ஒயர் ஒட்டுவாங்க, ஊசி கீசி எதுவும் இல்ல. அடிக்கடி சளி, வாயைத் திறந்துட்டுத் தூங்குறது இருந்தா நடுக்காதுல நீர் கோத்திருக்கான்னும் பாக்கச் சொல்லுங்க. அதுலயும் காது கேக்குறது மந்தமாகும், சரி பண்ணிடலாம்.

#4 மருதாணி

வசம்பைப் பத்தி யாரும் தப்பா சொல்லாதீங்க. அதுக்குப் பிள்ளை வளர்ப்பான்னே பேர். எங்க பாட்டி காலத்துல இருந்து விளக்குல சுட்டு, தாய்ப்பால்ல உரசி, நாக்குல வச்சுத்தான் எல்லாரும் வளர்ந்தோம். எல்லாரும் பேசலயா?

#5 வார்டு_சிஸ்டர்

பேசினோம். வசம்பு வைக்காத ஊர்லயும் எல்லாரும் பேசுறாங்களே. வசம்புல பீட்டா-அசரோன்னு ஒரு பொருள் இருக்கு. அதனாலதான் அமெரிக்காவுல 1968லயே உணவுல சேர்க்கத் தடை போட்டாங்க. வயித்து உப்புசத்துக்கு வெளியில தடவுறதைப் பத்தி நான் சண்டை போட மாட்டேன், கையில வளையல் மாதிரி கட்டினாலும் சரி. தினமும் நாக்குல வேண்டாம். பேச்சு வர்றது நாக்கோட தடிமன்ல இல்ல. தேனும் அப்படித்தான், ஒரு வயசுக்குள்ள தேன் குடுக்கவே கூடாது.

மாமியார்கிட்ட "வசம்பு வேண்டாம்"னு நேரா சொன்னா வீடு ரெண்டாகும். அவங்களுக்கு வேற ஒரு வேலை குடுங்க. கீழே யாராவது சொல்வாங்க பாருங்க.

#6 ஒலியும்_மொழியும்

நான் கோவையில பேச்சு-மொழி சிகிச்சையாளர். இங்க எழுதினதை மட்டும் வச்சு ஒரு பிள்ளைக்கு இன்னதுன்னு சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனா மலர் எழுதினதுல வார்த்தைக் கணக்கை விட எனக்கு முக்கியமாப் பட்டது, விரல் நீட்டிக் காட்டுறதில்லங்கிறதும், கையைப் பிடிச்சு ஃப்ரிட்ஜ்ல வைக்கிறதும்.

வார்த்தை கம்மியா இருந்தும் காக்காவைக் காட்டி, அம்மா முகத்தைத் திரும்பிப் பாத்து, மறுபடி காக்காவைப் பாக்குற பிள்ளை உண்டு. சொன்னது புரியும், சைகை நிறைய இருக்கும், வார்த்தைதான் வராது. அந்தப் பிள்ளைகள்ல கணிசமானவங்க தானாவே எட்டிப் பிடிச்சுடுறாங்க. செந்தில் அண்ணன் பையன் அப்படி இருந்திருக்கலாம். காட்டுறதே வராத பிள்ளை விஷயம் வேற. "எனக்கு வேணும்"ங்கிறதுக்கும் "அங்க பாரேன்"ங்கிறதுக்கும் விரல் நீளுறது பொதுவா ஒன்றரை வயசுக்குள்ள வந்துடணும். பேச்சுக்கு அடித்தளமே அதுதான். அது இல்லாம 3 வயசு வரைக்கும் காத்திருக்குறதுல எந்த லாபமும் இல்ல.

டாக்டருக்கு டாக்டர் மாத்திச் சொல்றதுக்கு ஒரு காரணம் உண்டு. 2 வயசுல சுமார் 50 வார்த்தை, ரெண்டு வார்த்தை சேர்த்து "அப்பா வா", "பால் தா"ன்னு வரணும்னுதான் நாங்க ரொம்ப காலமா பாத்துட்டு இருந்தோம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022ல பட்டியலைத் திருத்தினப்போ, 100க்கு 75 பிள்ளைகளாவது எட்டியிருக்கிற வயசை எடுத்துக்கிட்டு, 50 வார்த்தையை 30 மாசத்துக்குத் தள்ளி வச்சது. ரெண்டு வார்த்தை சேர்க்கிறது 24 மாசத்துலயே இருக்கு. எந்தப் பட்டியலை எடுத்தாலும் மலரோட பையனைப் பாக்க வேண்டிய நேரம் இதுதான். வந்த வார்த்தை காணாமப் போனா எந்த வயசா இருந்தாலும் அன்னைக்கே கூட்டிட்டுப் போங்க.

ஆட்டிசம் இருக்குமோன்னு பாக்க எம்-சாட்னு 20 கேள்வி உள்ள ஒரு படிவம் இருக்கு, 16 மாசத்துல இருந்து 30 மாசம் வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு. தமிழ்லயும் கிடைக்குது. அது சந்தேகத்தைச் சொல்லும், முடிவைச் சொல்லாது. கொஞ்ச நேரம் பாத்துட்டு ஆட்டிசம்னு எழுதிக் குடுக்குற இடத்துல பணம் கட்டாதீங்க. அதே சமயம் "அவங்க வியாபாரிங்க, அதனால பிள்ளைக்கு ஒண்ணுமில்ல"ன்னும் முடிவு பண்ணிடாதீங்க. ரெண்டும் தனித்தனி விஷயம்.

வீட்ல இன்னைக்கே செய்யக்கூடியது ஒண்ணு சொல்றேன். நண்டு ஊர்ற விளையாட்டு எல்லா வீட்லயும் உண்டு. உள்ளங்கையில இருந்து விரலை மெல்ல மேல நடத்திட்டுப் போங்க. அக்குள் கிட்ட வந்ததும் நிறுத்துங்க. கிச்சுகிச்சு மூட்டாதீங்க. விரல் அந்தரத்துல நிக்கட்டும், உங்க முகம் அவன் முகத்துக்கு நேரா இருக்கட்டும். மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அவன் தோளைக் குலுக்கலாம், உங்க கையை இழுக்கலாம், ஒரு நொடி கண்ணைப் பாக்கலாம், "ஈ"ன்னு சத்தம் போடலாம். எது வந்தாலும் அதைக் கேள்விக்குப் பதிலா எடுத்துக்கிட்டு உடனே கிச்சுகிச்சு மூட்டுங்க. திரும்ப முதல்ல இருந்து. தெரபி அறையில நாங்க செய்றதுல பெரும்பாதி இதுதான்: பிள்ளையோட முறை வர்ற வரைக்கும் வாயை மூடிட்டு இருக்குறது. நம்ம வீடுகள்ல பத்து நொடி யாரும் சும்மா இருக்க மாட்டோம், அதான் பிரச்சினை. பிள்ளை வாயைத் திறக்குறதுக்குள்ள அம்மா, சித்தி, தாத்தா மூணு பேரும் பதில் சொல்லிடுவோம்.

அப்புறம், "சொல்லு, சொல்லு, ஆப்பிள் சொல்லு" வேண்டவே வேண்டாம். "இது என்ன கலர்?"னு கேட்டா அது பரீட்சை. அவன் எதைப் பாக்குறானோ அதை நீங்க ஒரு வார்த்தையில சொல்லுங்க: "தண்ணி", "ஊத்து", "போச்சு!" பிஸ்கட்டை இறுக மூடின டப்பாவுல போட்டு அவன் கையில குடுத்துட்டு எதிர்ல உக்காருங்க. உங்ககிட்ட நீட்டினா "திற"ன்னு சொல்லித் திறங்க. அழ விடாதீங்க, தவிக்க விடாதீங்க. ஒரு சின்ன இடைவெளி மட்டும் போதும்.

#7 ஈரோடு_பிரபு

மேடம் சொல்றது நல்லா இருக்கு. ஆனா நடப்பு என்னன்னா, நாங்க போன சென்டர்ல பிள்ளையை உள்ள கூட்டிட்டுப் போய்க் கதவைச் சாத்திடுவாங்க. நாங்க வெளிய பிளாஸ்டிக் சேர்ல உக்காந்திருப்போம். 45 நிமிஷம் கழிச்சு "குட் செஷன் சார்"னு சொல்லி அனுப்புவாங்க. உள்ள என்ன பண்ணாங்க, வீட்ல நான் என்ன பண்ணணும், ஒண்ணும் தெரியாது. என் பையன் இப்ப ஃப்ளாஷ் கார்டைக் காட்டினா ஹெலிகாப்டர்ங்கிறான், ஆக்டோபஸ்ங்கிறான். இங்கிலீஷ்ல இருபது வரைக்கும் சொல்றான். தாகம் எடுத்தா தண்ணி கேக்கத் தெரியல, உக்காந்து அழறான். இதுக்குப் பேர் தெரபியா?

#8 ஒலியும்_மொழியும்

பிரபு சார், உங்க கோபம் நியாயம். பேர் சொல்றது வேற, கேக்குறது வேற. ஆக்டோபஸை வச்சு அவன் என்ன செய்வான்? அவனுக்கு முதல்ல வேண்டியது "தண்ணி", "வேண்டாம்", "இன்னும்", "வா", "திற" மாதிரி நாள் முழுக்கப் பயன்படுறது. எண்ணும் பாட்டும் ஒப்பிக்கிறது வீணும் இல்ல. சில பிள்ளைகள் முழு வரியா முழுங்கி வச்சுக்கிட்டு அப்புறம்தான் உடைச்சுப் பயன்படுத்துவாங்க. ஆனா அதைப் பேச்சா மாத்துறதுக்கு ஆள் வேணும்.

வாரத்துல ரெண்டு தடவை, தடவைக்கு முக்கால் மணி நேரம் நான் பிள்ளையோட இருக்கேன். மீதி நேரம் முழுக்க நீங்க இருக்கீங்க. பெத்தவங்களை உள்ள உக்கார வைக்காத இடத்துல சின்னப் பிள்ளைக்குத் தெரபி பாதிகூட நடக்காது. "நான் உள்ள இருக்கலாமா?"னு முதல் நாளே கேளுங்க. இன்னொண்ணு, இந்திய மறுவாழ்வு கவுன்சில் பதிவு எண் கேளுங்க. 1992ல வந்த சட்டப்படி அந்தப் பதிவு இல்லாம யாரும் இந்தத் தொழில் செய்யக்கூடாது. இதுக்கான பட்டம் பி.ஏ.எஸ்.எல்.பி., நாலு வருஷப் படிப்பு. சில வார சான்றிதழ் வச்சுக்கிட்டு "தெரபிஸ்ட்"னு பலகை மாட்டுறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க.

#9 தமிழ்ச்செல்வன்_ஐடி

எல்லாத்துக்கும் போன்தான் காரணம். வர்ச்சுவல் ஆட்டிசம்னு யூடியூப்ல ஒருத்தர் தெளிவா விளக்கியிருக்கார். போனை நிறுத்தினா ஒரே மாசத்துல சரியாயிடும்.

#10 நிலாச்சோறு

போன் கெடுதல்னு யூடியூப்ல பாத்தீங்களா 😄

#11 ஒலியும்_மொழியும்

வர்ச்சுவல் ஆட்டிசம்ங்கிறது மருத்துவத்துல ஒப்புக்கொண்ட நோய்ப் பெயர் இல்ல. போன் பாத்ததால ஆட்டிசம் வந்துச்சுன்னு எந்தத் தாய் தலையிலயும் பழியைப் போட வேண்டாம். ஆனா போனை நிறுத்தச் சொல்றது சரிதான். உலக சுகாதார நிறுவனம் 2019லயும் இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021லயும் சொன்னது ஒண்ணுதான்: 2 வயசுக்குள்ள திரையே வேண்டாம், அதுக்கு மேல ஒரு மணி நேரத்துக்குள்ள. திரை பதிலுக்குக் காத்திருக்காது. நண்டு விளையாட்டுல நிறுத்துற மாதிரி அது நிறுத்தாது. நிறுத்தினதும் பேச்சு கொட்டிடாது. காலியாகுற நேரத்துல நீங்க தரையில உக்காரணும்.

#12 ஸ்கார்பரோ_சுபா

வணக்கம். நாங்கள் கனடாவில இருக்கிறம். மகள் ரெண்டரை வயசு மட்டும் அஞ்சாறு சொல்லுக்கு மேல கதைக்கேல்லை. டேகெயார் டீச்சர் ஒராள், "வீட்டில இங்கிலிஷ் மட்டும் கதையுங்கோ, ரெண்டு பாஷை பிள்ளையைக் குழப்பும்" எண்டு சொன்னா. நாங்களும் பயந்துபோய் உடைஞ்ச இங்கிலிஷில கதைக்கத் துவங்கினம். வீட்டில அம்மம்மாவுக்கு இங்கிலிஷ் தெரியாது. மனுசி பேத்தியோட கதைக்கிறதையே குறைச்சுப்போட்டா.

இஞ்ச ஒன்ராறியோவில முன்பள்ளிப் பிள்ளையளுக்கு அரசாங்கத்தின்ர ஸ்பீச் சேவை இருக்கு. டொக்டரின்ர கடிதம் தேவையில்லை, தாய் தேப்பனே போன் எடுத்துப் பதியலாம். வெயிட்டிங் லிஸ்ட் நீளம், அதை ஒளிக்கேல்லை. கிடைச்ச தெரபிஸ்டுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அவதான் முதல் நாளே சொன்னா, வீட்டில தமிழை விடவேண்டாம், உங்களுக்கு எந்தப் பாஷை சரளமா வருதோ அதிலதான் பிள்ளை படிக்கும் எண்டு. சொல்லு எண்ணேக்க ரெண்டு பாஷையையும் சேர்த்து எண்ணச் சொன்னா. தமிழில மட்டும் எண்ணினா குறைவாத் தெரியும், இங்கிலிஷில மட்டும் எண்ணினாலும் குறைவாத் தெரியும். உண்மையான தாமதம் எண்டா ரெண்டிலயும் தெரியுமாம்.

ஊரில இருக்கிற ஆக்களும் இதைக் கவனியுங்கோ. இங்கிலிஷ் மீடியம் பிளேஸ்கூல் எண்டு பிள்ளைக்கு முன்னால தாய் தேப்பன் இங்கிலிஷ் கதைக்கிறது இப்ப அங்கயும் வந்திட்டுதாம்.

#13 பொள்ளாச்சி_வித்யா

சுபா அக்கா சொன்னது அப்படியே எங்க வீடு. "வாட்டர் குடிம்மா, ஷூ போடும்மா". ஒரு கேள்வி: என் மகளுக்கு மூணரை. நல்லா பேசுறா, ரயிலை "லயில்"ங்கிறா, பழத்தை "பயம்"ங்கிறா. ஒருத்தர் நாக்கு ஒட்டியிருக்கு, வெட்டணும்னாங்க.

#14 ஒலியும்_மொழியும்

ர, ற, ழ எல்லாம் கடைசியில வர்ற ஒலிகள், மூணரை வயசுல இது சாதாரணம். பெரியவங்கள்லயே பாதிப் பேருக்கு "பளம்"தான். வெட்ட அவசரப்பட வேண்டாம். வெளியாட்களுக்கு அவ பேசுறது புரியலைன்னா மட்டும் இப்பவே காட்டுங்க.

#15 நெறியாளர்

சென்டர் பேர், போன் நம்பர் போட்ட மூணு பதிவுகளை நீக்கியிருக்கேன். விளம்பரத்துக்கு வேற பகுதி இருக்கு. தனிப்பட்ட சென்டர்களைப் பேர் சொல்லித் திட்டவும் வேண்டாம்.

#16 வட்டார_வள_டீச்சர்

நான் பள்ளிக் கல்வித் துறையோட வட்டார வள மையத்துல மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சிறப்புப் பயிற்றுநர். மலர், தனியாருக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க. 2013ல வந்த தேசிய சிறார் நலத் திட்டத்துல மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது மருத்துவக் கல்லூரியில மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையம் வச்சிருக்காங்க. டிஇஐசி-ன்னு கேட்டா காட்டுவாங்க. 6 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்குத்தான் அது முக்கியமா. குழந்தை மருத்துவர், செவித்திறன் பரிசோதனை, பேச்சுப் பயிற்சி ஒரே இடத்துல, காசு இல்ல. அங்கன்வாடிக்கு வருஷத்துல ரெண்டு தடவை மருத்துவக் குழு வரும், அவங்க சீட்டு குடுத்தாலும் போகலாம், நேராவும் போகலாம். சில ஊர்ல பேச்சுப் பயிற்சியாளர் பணியிடம் காலியா கிடக்கும், அது உண்மை. போறதுக்கு முன்னாடி எந்தக் கிழமை இருப்பாங்கன்னு விசாரிச்சுக்குங்க. மாநில அரசோட "விழுதுகள்" மையங்கள்லயும் தெரபி உண்டு.

முழு மதிப்பீடு வேணும்னா முட்டுக்காட்டுல மத்திய அரசோட பன்முகத் திறன் குறைபாடுடையோர் நிறுவனம் இருக்கு, 2005ல இருந்து. மைசூர்ல அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனமும் நம்ம ஆளுங்க நிறைய போற இடம்தான். காது குறை மட்டும்னா சென்னையில பால வித்யாலயா 1969ல இருந்து நடக்குது, 5 வயசுக்குள்ள உள்ள பிள்ளைகளுக்கு. அங்க அம்மாவோ வீட்டுப் பெரியவங்களோ கூட உக்காந்து கத்துக்கணும், அதுதான் விதி.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க நிறைய பேர் தயங்குறாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல 21 வகைக் குறைபாடு வருது, பேச்சு-மொழிக் குறைபாடும் ஆட்டிசமும் அதுல உண்டு. மத்திய அரசோட நிராமயா மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு 1 லட்சம் வரைக்கும், தெரபிச் செலவும் அடங்கும். ஆனா அது ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு நாலுக்கு மட்டும்தான். பேச்சுத் தாமதம் மட்டும்னா கிடைக்காது. 2 வயசுப் பிள்ளைக்குச் சான்றிதழுக்கு அலைய வேண்டாம், முதல்ல பயிற்சி நடக்கட்டும்.

#17 கூடல்நகர்_அப்பா

என் மகளுக்கு 5 வயசு, ஆட்டிசம். வாயால பேச்சு ரொம்பக் கம்மி. வேணுங்கிறதைக் காட்டிக் கேக்கப் பட அட்டை குடுக்கலாம்னு தெரபிஸ்ட் சொன்னப்போ என் மனைவி ஒரே அழுகை, "அட்டை குடுத்தா அப்புறம் பேசவே மாட்டா"ன்னு. 2006ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல இப்படி மாற்று வழி பயன்படுத்தின 27 பேரைப் பாத்ததுல ஒருத்தருக்குக்கூட பேச்சு குறையல, பெரும்பாலானவங்களுக்குக் கூடியிருக்குன்னு தெரபிஸ்ட்தான் எடுத்துக் காட்டினாங்க. இப்ப டேப்லெட்ல சென்னையில உருவான ஆவாஸ் செயலி, படத்தை அழுத்தினா தமிழ்லயே பேசுது. நேத்து இட்லி தட்டை என் பக்கம் தள்ளிட்டு "வேண்டாம்", "தோசை"ன்னு ரெண்டு படத்தை அழுத்தினா. முன்னாடி தட்டு பறக்கும். மனைவி முணுமுணுத்துக்கிட்டேதான் மாவை எடுத்தா, ஆனா எடுத்தா.

#18 திண்டுக்கல்_மலர்

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருத்தரும் எழுதினதை வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டினேன். பேரா டெஸ்ட் எடுத்தாச்சு, ரெண்டு காதும் நல்லா இருக்கு. டிஇஐசி-ல படிவம் போட்டு, விளையாட விட்டு ரொம்ப நேரம் பாத்தாங்க. ஆட்டிசத்துக்கான அறிகுறி சிலது இருக்கு, ஆறு மாசம் கழிச்சு மறுபடி மதிப்பிடணும், அதுவரைக்கும் காத்திருக்காம பயிற்சியை இப்பவே தொடங்கணும்னாங்க. அங்க வாரம் ஒரு நாள்தான் கிடைச்சிருக்கு. என்னை உள்ளயே உக்கார வைக்கிறாங்க.

வார்டு சிஸ்டர் சொன்ன மாதிரி மாமியாரையும் கூட்டிட்டுப் போனேன். அந்தப் பயிற்சியாளர் பொண்ணு அவங்க கையில சோப்பு நுரைக் குமிழி டப்பாவைக் குடுத்து "நீங்க ஊதுங்க பாட்டி, அவன் கேக்குற வரைக்கும் அடுத்ததை ஊதக் கூடாது"ன்னாங்க. எனக்குப் பொறுமை இல்ல, அவங்களுக்கு இருக்கு. வசம்பு இன்னும் அலமாரியிலதான் இருக்கு, ஆனா எடுக்குறதில்ல. புது வார்த்தை எதுவும் வரல. டப்பாவை எடுத்துட்டு வந்து பாட்டி மடியில வைக்கிறான், முகத்தைப் பாக்குறான்.

ஒரு கேள்வி பாக்கி. ஜூன்ல பிளேஸ்கூல் போடலாமா? பக்கத்துல இங்கிலீஷ் மீடியம் ஒண்ணு இருக்கு, நாலு மணி வரைக்கும். இல்ல தெருமுனை அங்கன்வாடியா?

#19 ஒலியும்_மொழியும்

காது சரின்னு தெரிஞ்சதே பெரிய வேலை முடிஞ்ச மாதிரி. முகத்தைப் பாக்குறதை ஒரு நோட்டுல எழுதி வைங்க, மறு மதிப்பீட்டுல வார்த்தைக் கணக்கை விட அது உதவும்.

பள்ளிக்கூடம்: மத்த பிள்ளைகள் நடுவுல இருக்குறது நல்லது, நாலு மணி வரைக்கும் வேண்டாம். ஒரு டீச்சருக்கு எத்தனை பிள்ளை, டிவி ஓடுதா, தண்ணி வேணும்னா அவன் எப்படிக் கேப்பான்னு அவங்க யோசிக்கிறாங்களா, இந்த மூணையும் நேர்ல போய்ப் பாருங்க. உங்க வீட்ல தமிழ், பாட்டிக்குத் தமிழ், பயிற்சி தமிழ்ல. அங்கன்வாடி டீச்சர் கொஞ்சம் ஆர்வமானவங்களா இருந்தா என் ஓட்டு அங்கதான், காலையில ரெண்டு மணி நேரம்.

#20 வட்டார_வள_டீச்சர்

அங்கன்வாடியில சேர்க்குறப்போ டிஇஐசி சீட்டோட நகலை டீச்சர்கிட்ட குடுத்து வைங்க. மருத்துவக் குழு வர்ற அன்னைக்கு அவன் பேர் பட்டியல்ல இருக்கணும். உங்க வட்டாரத்துல எங்க ஆளு யாருன்னு தனிச் செய்தியில அனுப்புறேன், வீட்டுக்கே வந்து பாக்கச் சொல்லலாம்.